ஐம்பத்தொன்பதாம் நாள்

இளையபெருமாளின் தாடையைச் சேர்த்துத் துணி கட்டிய கையோடு சுடர்விழி வக்கீலுக்குப் போன் போட்டாள். அழுகையெல்லாம் அப்புறம். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லாத வீடு. புருஷனுக்கு அதைச் செய்யவேண்டியவன் தம்பி பகலவன். அவனோ கிளைச் சிறையில், அதுவும் இதே அண்ணனைப் பிடித்துத் தள்ளிய வழக்கில்.

மடைத் தண்ணீருக்காக வந்த சண்டை. ஒரே தள்ளு, மதகின் சிமென்ட் கட்டையில் மண்டை மோதியது. சுடர்விழி கொழுந்தனை வாய்க்கு வந்தபடி சபித்தாள். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து பாதி ஆளாகத் திரும்பிய மனுஷன் படுத்தபடியே தம்பிக்காக நாள் எண்ணியதைப் பார்த்து அவள் கோபமும் கரைந்துபோனது. அறுபது நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் கொடுத்தே ஆகவேண்டும் என்று பகலவனின் வக்கீல் மதிவதனி சொல்லியிருந்தார். போலீஸும் போடுகிற வழியைக் காணோம். இன்று ஐம்பத்தொன்பது. பாவி மனுஷன், இன்னும் ரெண்டு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாதா?

"தம்பிதான் கொள்ளி வைக்கணும் விழி" என்று நேற்றுகூடச் சொன்னார்.

அதனால், இறுதிச் சடங்குக்கு அவனை அனுப்பச் சொல்லிக் கோர்ட்டில் மனுப் போடும்படி கேட்டாள். மதிவதனி தயங்கினார், அதில் ஒரு சிக்கல் இருக்கிறது என்று ஆரம்பித்தார். கேட்க யாருக்குப் பொறுமை? போட்டே ஆகணும் என்று போனை வைத்துவிட்டாள். மனுவும் போனது.

பகல் பன்னிரண்டுக்கு ஜீப் வந்தது. பாடைக்குக் கீற்று முடைந்தவர்கள் எழுந்து நின்றார்கள். இன்ஸ்பெக்டர் ஷூவைக் கழற்றி, உடலைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேசினார். நல்ல மனுஷன்தான், அதுதான் வயிற்றெரிச்சல்.

"மனுவைப் பாத்துதாம்மா எங்களுக்கே தெரிஞ்சுது. அடிபட்டவர் இறந்துட்டா வழக்கோட பிரிவை மாத்தணும். போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு உடம்பு நாளைக்குத்தான் கிடைக்கும்."

"நாளன்னிக்கு ஜாமீன்னு சொன்னாங்களே."

"அது பழைய பிரிவுக்கு. இதுக்குத் தொண்ணூறு நாள். அதுக்குள்ள குற்றப்பத்திரிகை போட்டுருவோம்."

இந்தச் சாவு பகலவனைக் கொலைகாரனாக்கிவிட்டதா? அந்தச் சேதியையும் சுடர்விழி தன் வாயாலேயே போலீஸுக்குச் சொல்லி அனுப்பினாளா? நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். உடலை எடுத்துப்போனார்கள். அப்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை.

நாலு மணிக்கு இன்னொரு வண்டி. கோர்ட் மனுவை ஏற்று, இன்று மாலை ஆறு மணிவரை அனுமதி கொடுத்திருந்தது. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே பகலவன் இறங்கினான். யார் முகத்தையும் பார்க்காமல் பந்தலுக்குள் வந்தவன் சட்டென்று நின்றுவிட்டான்.

"அண்ணன் எங்க, அண்ணி?"

உடல் கிடத்தியிருந்த பெஞ்சை அவள் கைகாட்டினாள். அதில் ஒரு மாலை மட்டும் கிடந்தது. பகலவன் பெஞ்சின் தலைமாட்டில் போய்க் கைகட்டி நின்றுகொண்டான். ஆறு மணிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தது.