தூரமே வராத பெண்

சரஸ்வதி பூஜை. ஆர்.கே.புரம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் கொலுவுக்கு வந்த மாமிகளிடம் ருக்கு பெருமை அடித்துக்கொண்டிருந்தாள்.

"முருகன் கிருபைன்னுதான் சொல்லணும். போன வருஷமும் சரி, இந்த வருஷமும் சரி, நவராத்திரி முழுக்க எங்க ஸ்ம்ருதிக்குத் தூரமே வரலை. தடையில்லாம விளக்கேத்தறா!"

மாதவிலக்கு என்ற சொல் ருக்குவின் வாயிலிருந்து வந்ததே கிடையாது. அவள் வீட்டில் அதற்குத் தூரம் என்று பெயர். அது மகளுக்கு மாதக்கணக்கில் வராமலிருப்பதை அவள் நோயாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆசாரமாக எடுத்துக்கொண்டாள்.

அந்த ஆசாரசீலி அப்போது பாத்ரூமைத் தாழிட்டுக்கொண்டு, மோவாயில் முளைத்த முடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். குர்காவ்னில் ஒரு கம்பெனியில் வேலை. பாதிச் சாப்பாடுதான் சாப்பிட்டாள். எடை மட்டும் முழுசாக ஏறியது.

அப்பா ராஜாராமன் ஒரு அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரி. கோப்பைப் பிரித்து அந்தந்தப் பிரிவுக்கு அனுப்புவதில் கைதேர்ந்தவர். மகளையும் அப்படியே அனுப்பினார். முகப்பரு தோல் டாக்டருக்கு, எடை டயட்டீஷியனுக்கு, முடி லேசர் கிளினிக்குக்கு. முழுக் கோப்பை ஒருவரும் பார்க்கவில்லை. அத்துடன் அவருக்கு ஒரு சித்தாந்தம்: "போன உடனே பார்க்கறவன் என்னய்யா டாக்டர்? ரெஃபரன்ஸ் இல்லாம உள்ளயே விடப்படாது. அவன்தான் டாக்டர்!"

"அம்மா, ஆபீஸ்ல ஃப்ரெண்ட் சொன்னா. இதுக்கு கைனகாலஜிஸ்ட்கிட்டதான் போகணுமாம்" என்றாள் ஸ்ம்ருதி ஒரு நாள்.

ருக்கு ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். "வாயை மூடு! கல்யாணமாகாத பொண்ணு அங்க போய் உக்காந்தா, பார்க்கறவா என்ன நினைப்பா? ஜாதகம் வேற நாலு இடத்துக்குப் போயிருக்கு. தைராய்டுன்னு சொல்லிக்கலாம். அது டீசன்ட்டான வியாதி."

டீசன்ட்டான வியாதிக்கு ஒரு பெரிய டாக்டர் கிடைத்தார். ஜாயின்ட் செக்ரட்டரி வீட்டிலிருந்து போன் போய், வாரக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் தரிசனம். வாசல் போர்டில் அவருடைய பட்டங்கள் இரண்டு வரிக்கு நீண்டன. அவர் ரிப்போர்ட்டிலிருந்து தலை தூக்காமல் ஹிந்தியில் கேட்டார், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று.

ஸ்ம்ருதி வாயைத் திறப்பதற்குள் ருக்கு முந்திக்கொண்டாள். "ஏக்தம் ரெகுலர் ஜி!"

ராஜாராமன் சீலிங் ஃபேனை ஆராய்ந்தார். தைராய்டு நார்மல். "டென்ஷனைக் குறைச்சுக்கோம்மா" என்றார் டாக்டர். அடுத்த ஆளுக்கு மணி அடித்தார்.

"ஏம்மா பொய் சொன்னே?" ஆட்டோவில் ஸ்ம்ருதி கேட்டாள்.

"ஆம்பளை டாக்டர். அப்பா வேற பக்கத்துல உக்காந்திண்டிருக்கார். அதையெல்லாம் போய்ச் சொல்லுவாளா?"

"பின்ன எதுக்கு இத்தனை நாள் வெயிட் பண்ணிப் போனோம்?"

ருக்கு ஆட்டோக்காரனிடம், "பையா, ஜல்தி சலோ" என்றாள்.

தைப்பூசத்தன்று மலை மந்திர் முருகன் கோவில் வரிசையில் நின்றபோது ஸ்ம்ருதிக்கு ரத்தம் வந்தது. மகளின் முகம் வெளுத்திருந்ததை ருக்கு பார்க்கவில்லை. "ஐயையோ, கோவில்ல போயா!" என்று கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். அன்று வந்த ரத்தம் வாரங்கள் ஆகியும் நிற்கவில்லை. ஒரு காலை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த ஸ்ம்ருதி, யாரையும் கேட்காமல் பக்கத்துத் தெரு டிஸ்பென்சரிக்குக் கிளம்பினாள். ருக்கு பின்னாலேயே ஓடினாள்.

டாக்டர் மதுவைப் பார்க்க ரெஃபரன்ஸ் தேவைப்படவில்லை. வரிசையில் உட்கார்ந்தால் போதும்.

"இவளுக்குத் தைராய்டு..." என்று ருக்கு தன் ஹிந்தியில் ஆரம்பித்தாள்.

மது பேனாவைக் கீழே வைத்தாள். "ஆன்ட்டி, ஆப் பாஹர் பைட்டியே."

ருக்கு வெளியே போய் உட்கார்ந்தாள். கதவு மூடியது. பள்ளிக்கூட நாளில் தொடங்கி அத்தனையையும் ஸ்ம்ருதி முதல் முறையாக ஒருவரிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. மது குறுக்கே பேசவில்லை.

மது எழுதிக்கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருப்பையின் உள்சவ்விலிருந்து எடுத்த சதைப் பரிசோதனை. முடிவைக் கேட்க மூவரும் போனார்கள். பி.சி.ஓ.எஸ். என்கிற ஹார்மோன் கோளாறு என்றாள் மது. பரு, முடி, எடை எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம். மாதவிலக்கு வராமலே இருந்ததில் உள்சவ்வு தடித்துப்போயிருக்கிறது. புற்றுநோய் இல்லை, இப்படியே விட்டிருந்தால் அதில் போய் முடிந்திருக்கலாம். சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. வேரோடு போகிற வியாதி இல்லை இது, கட்டுக்குள் வைக்கலாம். மாத்திரை சாப்பிட வேண்டும், தினம் நடக்க வேண்டும், சில மாதம் கழித்து மறுபடி சதைப் பரிசோதனை. "இத்தனை வருஷமா ஒரு டாக்டர்கூடவா பீரியட்ஸ் பத்திக் கேக்கலை?" என்றாள்.

கேட்டவர் ஒருவர் உண்டு. ருக்கு தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் ராஜாராமன் மொபைலை எடுத்தார். "இது சும்மா டிஸ்பென்சரி. ஜாயின்ட் செக்ரட்டரியோட சம்பந்திக்குத் தெரிஞ்ச ஒரு ஸ்பெஷலிஸ்ட் இருக்கார். ரொம்பப் பெரிய ஆள். நான் பேசறேன்."

"எவ்ளோ பெரிய ஆளா இருந்தா என்னப்பா?" ஸ்ம்ருதியின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "பக்கத்துல உக்காந்து அம்மா பொய் சொன்னா, நீங்க ஃபேனைப் பார்த்தா, அவருக்கும் ஒண்ணும் தெரியப்போறதில்லை. மாசாமாசம் வரவேண்டியது வரலைன்னா அது வியாதிப்பா, கிருபை இல்லை. அதை வெக்கப்படாம சொல்லணும். காது குடுத்துக் கேக்கற டாக்டர்கிட்ட சொல்லணும். எனக்கு அம்மாவை வெளில உக்காத்தி வெச்ச டாக்டரே போதும்."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுடி. எல்லாரும் கேக்கறா."

"மெதுவாப் பேசிப் பேசித்தாம்மா" என்றாள் ஸ்ம்ருதி, "என் வியாதியை இவ்ளோ பெரிசா வளர்த்தோம்."