ஊக்கு குத்திய பை

மூன்றாவது தடவையாகப் பையைக் கவிழ்த்துக் கொட்டினான் யுகேந்திரன். சார்ஜர், இரண்டு பேனா, உடைந்த இயர்ஃபோன், கிழமைகள் போட்ட மாத்திரை டப்பா. பெர்மிட் இல்லை.

மணி ஒன்று பத்து. இரண்டு மணிக்குப் பெட்டியை மூட வேண்டும். மூன்று மணிக்கு மின்சுடலையில் இடம். அதை விட்டால் நாளை மாலைதான் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா ரெங்கசாமி நேற்று மதியம் வீட்டு வாசலில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். வீட்டில் நடந்த சாவு என்பதால் போலீஸ் நிலையத்தில் தகனத்துக்கான பெர்மிட் எடுக்க வேண்டும். காலையில் போய் எடுத்தான். ஒரே ஒரு தாள். அது இல்லாமல் உடலை உள்ளே விடமாட்டார்கள்.

வாங்கியது நினைவிருக்கிறது. கேட்டைத் திறந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

மாத்திரை டப்பாவை எடுத்துப் பார்த்தான். புதன்கிழமைக் குழியில் மாத்திரை அப்படியே இருந்தது. இன்று புதன்.

"யுகா, பிரேத வண்டி ராஜன் பெர்மிட் கேக்குறாரு."

அக்கா சந்திரகலா அறை வாசலில் நின்றாள். தரையில் கொட்டிக் கிடந்ததைப் பார்த்தாள். மேற்கொண்டு கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நான் போறேன்னு சொன்னேன்ல. நீதான், எனக்கு ஒரு வேலையாச்சும் குடுக்கான்னு நின்ன."

"இங்கதான் இருக்கு. வீட்டை விட்டு எங்கயும் போகலை."

"உன் கல்யாண மோதிரமும் இங்கதான் இருந்துச்சு. இன்னும் இருக்கு போல."

"அஞ்சு நிமிஷம் குடுக்கா."

"செத்தவரு காத்திருப்பாரு லா. வந்திருக்கவங்க காத்திருக்க மாட்டாங்க." குரல் உடைவதற்குள் திரும்பிப் போனாள்.

கைப்பேசியை எடுத்தான். பன்னிரண்டரைக்கு அலாரம் வைத்திருந்தான்: 'பெர்மிட்டை ராஜனிடம் கொடு.' அடித்திருக்கிறது. யாருக்கோ மைலோ பாக்கெட் எடுத்துக் கொடுத்தபடியே அணைத்திருக்கிறான். கட்டைவிரல் ஓரத்தில் சின்னதாக ஒரு ரத்தப் பொட்டு காய்ந்து கிடந்தது. அது எப்படி வந்தது என்பதும் தெரியவில்லை.

நாற்பது வயதில்தான் அவனுக்கு அதன் பெயர் தெரிந்தது. ஏ.டி.எச்.டி. நான்கு மாதத்துக்கு முன்பு, சுபாங் ஜெயாவில் ஒரு கிளினிக்கில். சோம்பேறித்தனம் இல்லை, திமிர் இல்லை, மூளை வேலை செய்யும் விதமே அப்படி என்றார் டாக்டர் அமுதவள்ளி. பிறகு கேட்டார்: "இது குடும்பத்துல ஓடும். வீட்டுல வேற யாரும் இப்படி இருக்காங்களா?"

"இல்லை டாக்டர். நான் மட்டும்தான்."

அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "மறதிக்கு மருந்தா? எங்க காலத்துல ரோத்தான் பிரம்பு இருந்துச்சு." காப்பிக் கடையில் நாலு பேரிடமும் சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்டான். இரண்டு வாரம் போன் பண்ணவில்லை. போன ஞாயிறு அப்பாவே கூப்பிட்டார். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்." அடுத்த மூச்சிலேயே, "மறந்துட்டேன். சரி, வை."

அதுதான் கடைசிப் பேச்சு.

தொலைந்ததைத் தேடாதீங்க, நடந்த வழியே திரும்பி நடங்க என்பார் டாக்டர். வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு வெற்று மார்போடு கேட்டுக்குப் போனான். கூடாரத்துக்குக் கீழே இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். கேட்டைத் தொட்டான். செருப்பு அடுக்கு. அதன் பக்கத்தில் அப்பா மூன்று வருடமாகக் கழற்றிப் போட்டிருக்கும் தண்ணீர் மோட்டார். கேரி தீவில் செம்பனை லோரி ஓட்டினார், விட்டார். காவலாளி வேலை, விட்டார். மொத்தம் ஒன்பது வேலை. கோபக்காரர், எவனிடமும் ஒத்துப்போக மாட்டார் என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.

காலையில் ஹாலுக்குள் நுழையும்போது அக்கா கூப்பிட்டாள். 'அப்பாவோட நீலச் சட்டையைத் தேய்ச்சு வைடா.' ஆமாம். பின்னறை.

பின்னறையில் தீய்ந்த வாடை. இஸ்திரிப் பெட்டி காலையிலிருந்து அணைக்கப்படாமல் மேசையில் கிடந்தது. கீழே விரித்த போர்வை பழுப்பாகிவிட்டிருந்தது. பாய்ந்து சுவிட்சை அணைத்தான். இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தால் என்று நினைக்கத் தொடங்கியதை அங்கேயே நிறுத்தினான். ஒரு வேலை. இப்போது ஒரே வேலை.

மேசைக்குக் கீழே பார்த்தான். துணிக்கூடையைக் கொட்டினான். இல்லை.

சுவர் ஆணியில் அப்பா நேற்றுப் போட்டிருந்த சட்டை தொங்கியது. பையில் ஊக்கு குத்தியிருந்தது. அம்மா இருந்தவரை இந்த ஊக்கு கிடையாது. தினமும் கேட்டில் நின்று "சாவி? கண்ணாடி? ஐசி கார்டு?" என்று கேட்டுத்தான் அவரை வெளியே விடுவாள். நான்கு வருடத்துக்கு முன்பு அம்மா போனாள். அதிலிருந்து அப்பா முக்கியமான எல்லாவற்றையும் சட்டைப்பையில் போட்டு ஊக்கு குத்துவார். படி இறங்கும்போது பையை இரண்டு முறை தட்டிப் பார்ப்பார். கிழவனுக்குச் சந்தேகம் என்று இவனும் அக்காவும் சிரித்திருக்கிறார்கள்.

ஊக்கைக் கழற்றினான். உள்ளே நான்காக மடித்த காலண்டர் தாள். அப்பாவின் கோணல் எழுத்து.

சாவி
கேஸ் மூடு
கண்ணாடி
யுகா – டாக்டர் பேர் என்ன, எனக்கும் பாப்பாரா, கேக்கணும்

கடைசி வரியின் கீழ் மூன்று கோடு.

யுகேந்திரன் அந்தத் தாளைப் பிடித்தபடி நின்றான். வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மேசை ஓரத்தில் அப்பாவின் ஊக்கு டப்பா திறந்து கிடந்தது. அதைப் பார்த்தான். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தான்.

ஹாலுக்கு ஓடினான்.

குளிப்பாட்டி, நீலச் சட்டை போட்டு, அப்பாவைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மாலைகளை ஒதுக்கினான். "என்னடா பண்றே?" என்று அக்கா கையைப் பிடித்தாள். விலக்கிவிட்டுச் சட்டைப்பையைத் தொட்டான். ஊக்கு இருந்தது. தேய்த்து முடித்து, இங்கே வைத்தால் தொலையாது என்று அவனேதான் குத்தியிருக்கிறான். யோசித்துச் செய்ததில்லை. கை செய்தது.

பெர்மிட்டை எடுத்து ராஜனிடம் நீட்டினான். பிரேத வண்டிக்காரர், இருபது வருடமாக இந்தத் தொழில். தாளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"பத்திரமான இடம்தான் boss," என்றார்.

கூட்டத்தில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. "அப்பா மாதிரியே," என்றாள். திட்டுவதற்குத்தான் தொடங்கினாள். பாதியில் நின்றுவிட்டது.

"மூடலாமா?" என்றார் ராஜன். "ஊக்கு வேணாம், எடுத்துடுங்க. இரும்பு."

"ஒரு நிமிஷம். பேனா இருக்கா?"

ராஜன் காதோரம் செருகியிருந்த பேனாவைக் கொடுத்தார். யுகேந்திரன் காலண்டர் தாளைப் பெட்டியின் விளிம்பில் வைத்து, கடைசி வரிக்குக் கீழே எழுதினான்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "யாரு அமுதவள்ளி?"

அவன் தாளை நான்காக மடித்து அப்பாவின் சட்டைப்பையில் வைத்தான். ஊக்கை எடுத்துக்கொண்டான்.

வண்டி தாமான் குடியிருப்பு முனையில் திரும்பும்போது மணி இரண்டு பன்னிரண்டு. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெர்மிட்டை ராஜனிடமிருந்து திரும்பக் கேட்டு வாங்கினான். மடித்து வேட்டி மடிப்பில் செருகி, ஊக்கு குத்தினான்.

பாலம் வருவதற்குள் அதை இரண்டு முறை தட்டிப் பார்த்தான்.