மூன்றாவது எழுத்து

அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. "அசையாதீங்க, மூச்ச இழுத்து அடக்குங்க, இப்ப விடுங்க" என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, வீட்டில் கணவருக்கு விக்கல் வந்தால்கூட அதே மந்திரந்தான். ஒரு படத்தையும் இரண்டாம் தடவை எடுத்ததில்லை என்று அவளுக்குள் ஒரு கர்வம் உண்டு. அதில் மண்ணைப் போட்டது ஒரு பறவை. நிஜமாகவே மண்ணைத்தான் போட்டது.

போன இலையுதிர் காலத்தில் இதே கடற்கரையில் அவள் ஒரு கல்திருப்பி உள்ளானைப் படம் பிடித்தாள். மைனா அளவுதான் இருக்கும். கல், கிளிஞ்சல், பாசி என்று எது கிடைத்தாலும் அலகால் புரட்டிப் போட்டு அடியில் பூச்சி தேடும். அதன் வலது காலில் மஞ்சள் பட்டை ஒன்று, அதில் மூன்று எழுத்து. எச், எல், அப்புறம் ஒரு அப்புச் சேறு. ஆராய்ச்சிக்காகப் பறவைகளின் காலில் இப்படி வளையம் மாட்டுகிறவர்களின் அலுவலகத்துக்குப் படத்தை அனுப்பினாள். மூன்று எழுத்தும் தெரிகிற படம் இருந்தால்தான் அது எங்கிருந்து வந்தது, எத்தனை வயசு என்று சொல்ல முடியும் என்று பதில் வந்தது. அந்தச் சேறு வருஷம் பூராவும் அவள் கண்ணை உறுத்தியது. பறவையின் இடது காலில் நடுவிரல் கோணலாக இருந்ததும் மறக்கவில்லை. முறிந்து, சரியாகச் சேராத எலும்பு. அதெல்லாம் அவளுக்கு ஒரு பார்வை போதும்.

வலசை வருகிற பறவை வருஷா வருஷம் அதே கரைக்குத்தான் திரும்புமாம். இந்த வருஷம் அதற்காகவே மூன்று நாள் லீவு போட்டாள். "குருவி காலுக்கு எழுத்துக் கூட்டவா லீவு?" என்று கணவர் நழுவிவிட்டார். துணைக்கு வந்தது அவருடைய தங்கை, தையல்காரி. அவளுக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடியோ நாலு வருஷத்துப் பழசு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியில் நூல் கோத்தால் குறி தப்பாது. தூரத்துச் சமாசாரம் மட்டும் கேட்கக் கூடாது. இரண்டு நாளாக "அண்ணி, அதோ!" என்று அவள் காட்டியவை ஒரு காகிதக் கப், ஒரு ஒற்றைச் செருப்பு, கவிழ்ந்து கிடந்த ஒரு வாளி.

"இனிமே நீ எதையும் காட்டாத தாயே" என்று அண்ணி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

இன்று கடைசி நாள். கரையோரம் ஈர மணலில் அண்ணி குப்புறப் படுத்திருந்தாள். எதிரே மணல்திட்டு முழுக்க உள்ளான்கள். கடல் ஏறிக்கொண்டிருந்தது, திட்டு மூழ்கினால் கூட்டம் கிளம்பிவிடும். இருபது நிமிஷம் இருந்தால் அதிகம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் ஒவ்வொரு காலாகப் பார்த்தாள். வெறுங்கால், வெறுங்கால், வெறுங்கால்.

"அண்ணி..." பின்னால் பாசிக் குவியலருகே உட்கார்ந்திருந்த நாத்தனார் கிசுகிசுத்தாள்.

"ஷ்!"

"இல்ல அண்ணி, இங்க ஒண்ணு..."

"கப்புதான். பேசாம இரு."

ஓர் அலை திட்டை வழித்தெடுத்தது. அத்தனை பறவைகளும் ஒரே விசிறலாக எழுந்து, வெள்ளையும் செம்பழுப்புமாகத் திரும்பி, கண்காணாமல் போயின. இன்னும் ஒரு வருஷம்! அண்ணிக்கு அழுகையே வந்துவிட்டது.

"கப்புக்கு இறக்கை இருக்குமா அண்ணி? உங்க லென்ஸ் மூடியப் புரட்டிப் போடுது."

அண்ணி மெல்லத் தலையைத் திருப்பினாள். நாத்தனாரின் கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி, ஒரு கல்திருப்பி அவளுடைய லென்ஸ் மூடியை மும்முரமாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. மஞ்சள் பட்டை. இடது காலில் கோணல் விரல். அதேதான்!

உடம்பைத் திருப்பி கேமராவைத் தூக்கினால் எல்லாம் வெறும் மூட்டம். எட்டத்துப் பறவைக்கென்று கொண்டுவந்த லென்ஸ். பதினைந்தடிக்குள் எது வந்தாலும் அதற்குக் கண் தெரியாது. உப்புத் தண்ணீர் பட்டுவிடுமென்று இரண்டு பேருடைய போனையும் அறையிலேயே வைக்கச் சொன்ன புத்திசாலியும் அவளேதான்.

நாத்தனார் மூக்குக் கண்ணாடியை மெதுவாகக் கழற்றினாள். "எச்," என்றாள். "எல். அப்புறம்... வி."

"நிஜமாவா? யூவா இருக்கப் போகுது!"

"அடியில கூர்மையா இருக்கு அண்ணி. வி கழுத்து, யூ கழுத்து ரெண்டும் தினமும் தைக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

நம்பலாம். ஆனால் அலுவலகத்துக்குப் படம் வேண்டுமே. பழக்கதோஷத்தில், தன்னைவிட ஆறு வயசு சின்னவளிடம் அண்ணியின் வாயில் மரியாதை தானாக வந்தது.

"அசையாதீங்க. மூச்ச இழுத்து அடக்குங்க."

அவள் பின்னோக்கித் தவழ்ந்தாள். பின்னால் கடல். கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது. ஓர் அலை முதுகில் ஏறி அறைந்தது. கேமராவை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு முழம். இன்னும் கொஞ்சம். மூட்டம் விலகியது, ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு அழுத்தினாள்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். பக்கத்தில் நாத்தனாரின் கட்டைவிரல். நடுவில் மஞ்சள் பட்டை, துளிச் சேறில்லை. எச், எல், வி.

"வி! வி-தான்டி!" என்று தண்ணீருக்குள்ளேயே குதித்தாள். பறவை மூடியை விட்டுவிட்டுக் கிறீச்சென்று கத்தியபடி பறந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவந்து, படத்தை நாத்தனாரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

நாத்தனார் பார்க்கவும் இல்லை, அசையவும் இல்லை. முகம் செக்கச் செவேலென்று சிவந்து, கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்க உட்கார்ந்திருந்தாள். ஒரு கை மட்டும் அவசரம் அவசரமாகத் தன் நெஞ்சைச் சுட்டிக் காட்டியது.

"ஐயோ!" என்றாள் அண்ணி. "இப்ப விடுங்க!"