மழைக்கு விட்டுவைத்த இடம்

அணை ததும்பி நிற்பதைப் பார்த்து ஊரே பூரித்துப் போயிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பெண் பொறியாளர் மட்டும் தினமும் மலைப்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தைய அரசு ஒரு விதி வைத்திருந்தது. இப்போதெல்லாம் மழைக்கு மாதம் கிடையாது, கோடையிலும் கொட்டித் தீர்க்கிறது. அதனால் அணையில் கால்பங்கு எப்போதும் காலியாக இருக்க வேண்டும். மலையில் பேய்மழை பெய்தால் அந்த இடம் வாங்கிக்கொள்ளும். நல்ல விதிதான். ஆனால் வயல் காயும்போது தண்ணீரைத் திறந்து கடலுக்கு அனுப்புவதைப் பார்க்க யாருக்குப் பொறுக்கும்? எதிர்க்கட்சி அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டும் வீணாகாது என்று சொல்லி ஓட்டுக் கேட்டது. ஜெயித்ததும் முதல் வேலையாக விதியை ரத்து செய்தது. இனி ஷட்டரைத் திறக்கத் தலைநகரில் இருக்கும் கமிட்டி அனுமதி தர வேண்டும். மீறினால் வேலை போகும், வழக்கும் வரும்.

அந்தக் கட்சிக்காக இங்கே வீடு வீடாக ஏறி இறங்கியவன் அவளுடைய சொந்த அண்ணன். அணைக்குக் கீழே ஆற்றுப்படுகையில் தர்பூசணி போட்டிருந்தான்.

"உன் அணைக்குக் கால்வயிறு காலியா இருக்கணும்னு என் வயித்த முழுசா காயப்போட்டீங்களே," என்பான். "இப்பப் பாரு, எப்படி நிறைமாசமா நிக்குது."

"நிறைமாசம்னா அடுத்து என்ன ஆகும்னு அண்ணிகிட்ட கேளு," என்பாள் அவள். அண்ணி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள்.

அன்று மதியம் வானிலை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. மாலையில் தொடங்கி மலை முழுக்கக் கனமழை. அவள் இரண்டு முறை படித்தாள். இப்போதே இரண்டு ஷட்டரைக் கொஞ்சமாகத் தூக்கினால் தண்ணீர் கரைக்குள்ளேயே போய்விடும், படுகை மட்டும்தான் மூழ்கும். மழை வந்த பிறகு என்றால் எல்லா ஷட்டரையும் ஒரே மூச்சில் தூக்க வேண்டியிருக்கும். கீழே கடைத்தெரு, ஆஸ்பத்திரி, அதற்குப் பின்னால் தாழ்ந்த வீடுகள்.

கமிட்டிக்குப் போன் போட்டாள்.

"தலைவர் சார் மீட்டிங்ல இருக்காரும்மா," என்றார் செயலாளர்.

"வெளிய கூப்பிடுங்க சார். மழை வருது."

"இங்க வெயில் அடிக்குதே."

"மலையில சார்."

"அணை நிறைஞ்ச விழாவுக்கு மந்திரி வந்து ஒரு வாரம்கூட ஆகல. அதுக்குள்ள திறந்து விட்டுட்டீங்கன்னு பேப்பர்ல வந்தா யாரு பதில் சொல்றது? எழுதி அனுப்புங்க. நாளைக்குக் காலைல உக்காந்து பேசறோம்."

எழுதி அனுப்பினாள். மறுபடி போன் போட்டாள். மறுபடியும் மீட்டிங். மூன்றாவது முறை மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

மேலே ஷட்டர் அறைக்கு ஏறினாள். ஷட்டர்காரர் சுவிட்சுப் பலகைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார்.

"கையெழுத்து வந்துடுச்சா மேடம்?"

"வரல."

"அப்ப?"

"திறக்கப் போறோம்."

அவர் நாற்காலியை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "பொண்ணு கல்யாணம் இருக்கு மேடம். சைரன் நான் போடறேன். பட்டனை நீங்களே அழுத்திடுங்க," என்றார். அவளால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, படுகையில யாரெல்லாம் இருக்கீங்க?"

"நான், உங்க அண்ணி, நாலு ஆளுங்க. ஏன்?"

"எல்லாரையும் கரைக்கு ஏத்து. தண்ணி விடறேன்."

"விளையாடாத. நாளான்னைக்கு அறுப்பு. லாரிக்குச் சொல்லியாச்சு."

"அண்ணா."

"யார் சொன்னது? மந்திரியா?"

"நான் சொல்றேன்."



"என் தங்கச்சிதான் திறந்தான்னு ஊர்ல எப்படிச் சொல்லுவேன்?" என்றான். பிறகு குரல் தள்ளிப்போனது. ஆட்களைக் கூப்பிடுகிறான் என்று புரிந்தது. அண்ணியின் பெயரை அடித்தொண்டையில் கத்துவது கேட்டது. ஏறியாச்சு என்று அவன் வாயால் சொல்லும்வரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

சைரன் அலறியது. விரல் பட்டனுக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. அழுத்தினாள். அடியில் எங்கோ இரும்பு முனகியது. காலுக்குக் கீழே தளம் அதிர, வெள்ளை வெளேரென்று தண்ணீர் பாய்ந்தது.

கொஞ்ச நேரத்தில் ஆற்றின் வளைவில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. தர்பூசணிகள். ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, உருண்டு, முங்கி, எழுந்து போய்க்கொண்டே இருந்தன. ஷட்டர்காரர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

இப்போது கமிட்டியே கூப்பிட்டது.

"யார் அனுமதி கொடுத்தது?"

"நான்தான் சார்."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"கொடுக்கறேன்."

போனை வைத்த பிறகுதான் கவனித்தாள். காற்று நின்றிருந்தது. மலைமேல் திரண்டிருந்த மேகம் நடுவில் கிழிந்து, இடையில் சாயங்கால வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இதுவரை பயந்தது ஒரு பயமே இல்லை என்று தோன்றியது.

அண்ணன் முழங்கால்வரை சேறோடு அணையின் மேல் நடந்து வந்தான். அடிப்பான் என்று நினைத்தாள். அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு மலையைப் பார்த்தான்.

"அண்ணி?"

"அழுவுறா." சேற்றுக் காலைச் சுவரில் தேய்த்துக்கொண்டே, "கரையில ஆளுங்க கூடிட்டாங்க. உன்னைத்தான் கேக்கறாங்க. நீ இப்ப கீழ வராத," என்றான்.

"மழை வரும்ணா."

"வரலைன்னா?"

அவளும் மலையைப் பார்த்தாள். மலைக்கு அந்தப் பக்கமும் ஊர்கள் இருந்தன. ஓட்டு வீடுகள், சரிவில் பள்ளிக்கூடம், ஒற்றைப் பாலம். பேய்மழை அவற்றை என்ன செய்யும் என்று தெரிந்தும் அவள் மனசு ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தது. பெய்யட்டும், நல்லா பெய்யட்டும்.

"என்ன முணுமுணுக்கற?" என்றான் அண்ணன்.

"ஒண்ணுமில்ல," என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கிழிந்த மேகம் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து அவளுக்கு வந்த சந்தோஷம் அவளையே உலுக்கிவிட்டது.