துப்பாக்கியை ஒப்படைக்கப் போனவள்

மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலையைத் தோண்டித் தின்னும் பன்றிகளை விரட்டுவதற்காக அந்தோணிதாஸ் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி, அவர் இறந்த பிறகும் பரணில் கிடந்தது. ஆள் போனால் லைசென்ஸும் போயிற்று, துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அவர் மனைவி அற்புதமேரிக்குத் தெரியும். கொழுந்தன் சவரிராயன்தான் விடவில்லை.

"கெடக்கட்டும் அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்றான்.

வரப்புத் தகராறில் பக்கத்துக் கொல்லை இருசப்பனிடம் நாலு பேர் பார்க்க அறை வாங்கியிருந்தான் அவன். அன்றிலிருந்து அவன் பார்வை அடிக்கடி பரணுக்குப் போவதை அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பூசைக்குப் போன நேரம் பார்த்து, துப்பாக்கியைக் கோரைப்பாயில் சுருட்டிக்கொண்டு மரக்காணம் பஸ் ஏறினாள். வழியில் பாய் நழுவிக் குழல் வெளியே தெரிந்ததும் பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். எமர்ஜென்சி காலம் வேறு.

"எங்களையும் சேத்து உள்ள தள்ளிடுவாங்க, எறங்கும்மா!" என்று கண்டக்டர் உப்பளத்து நடுவே இறக்கிவிட்டுவிட்டார்.

வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. கொஞ்ச தூரம் நடந்திருப்பாள். எதிரே சைக்கிளில் வந்த ஏட்டு வெங்கடாசலம் காலை ஊன்றி நின்றார்.

"இன்னாம்மா அது?"

"துப்பாக்கிங்க. ஸ்டேஷனுக்குத்தான் எடுத்துட்டுப் போறேன்."

"யார் பேர்ல லைசென்ஸ்?"

"எங்க ஊட்டுக்காரர் பேர்லங்க. அவரு தவறிட்டாரு."

ஏட்டு தலையில் கை வைத்துக்கொண்டார். "வேற யாராவது புடிச்சிருந்தா கேஸும்மா! சேதி சொல்லி அனுப்பியிருந்தா நாங்களே வந்திருப்போமே."

"நீங்க வர்றதுக்குள்ள அது ஊட்ல இருந்திருக்காதுங்க." பாயோடு அவரிடம் நீட்டினாள். "ஒரு உசுரு போயிடக் கூடாதேன்னுதான்..."

அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். துப்பாக்கியை வாங்கி, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துத் தோளில் சாத்திக்கொண்டார். "வா, நானும் வர்றேன். நான் கூட இருந்தா எவனும் கேக்கமாட்டான்." வந்த வழியே சைக்கிளைத் திருப்பித் தள்ளிக்கொண்டு நடந்தார். ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் முறைத்தபோது, "தானா கொண்டாந்து ஒப்படைக்குதுங்கய்யா" என்று முந்திக்கொண்டவரும் அவர்தான். ரசீது போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டில் சவரிராயன் கொதித்துப்போய் நின்றிருந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணி?"

"சொல்லியிருந்தா உட்டிருப்பியா?"

 அவன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். தரையைப் பார்த்தபடி, "தூக்கமே இல்ல அண்ணி. அதையேதான் நெனச்சிட்டிருந்தேன்" என்றான்.

"தெரியும்டா" என்றாள் அற்புதமேரி. "கை கழுவிட்டு வா, சோறு போடறேன்."