பத்துப் பேருக்கு ஆறு நாற்காலி

கல்யாணத்துக்கும் சாவுக்கும் நாற்காலி வாடகைக்கு விடுவது எங்கள் குடும்பத் தொழில். போராட்டத்துக்கு மட்டும் இலவசம். அது அப்பா போட்ட சட்டம். ஊர் ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வார்டு கேட்டு அவர் கூட்டிய கூட்டத்தில், போலீஸ் அவரோடு நாற்காலிகளையும் பிடித்துக்கொண்டு போனது. அவர் மூன்றே நாளில் வந்துவிட்டார். நாற்காலிகள் வர மூன்று மாதம் ஆயிற்று. வார்டும் வந்தது. அதில் முதலில் பிறந்தவள் என் தங்கை.

இப்போது அதை மூட வேண்டுமாம். ஊர் என்ன சொல்கிறது என்று கேட்க ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு அதிகாரி வருவார், எதிர்ப்பு இல்லையென்றால் அடுத்த மாதமே பூட்டு என்று நோட்டீஸ். கடை கடையாக ஏறி இறங்கினேன். "கண்டிப்பா வரோம் அண்ணே" என்றார்கள் எல்லாரும். ஒரு வியாபாரி 'கண்டிப்பா' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது? தெரிந்தும் நூறு நாற்காலி போட்டேன்.

நாலரைக்கு வந்திருந்தது பத்துப் பேர். பேக்கரிக்காரர் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"என்ன அண்ணே, சொந்தக்காரங்க வராத சாவு வீடு மாதிரி இருக்கு."

"கொஞ்சம் எந்திரிங்க. நாற்காலியை எடுக்கணும்."

"அதுக்குள்ள முடிஞ்சுதா?"

"இனிமேதான் ஆரம்பம்."

பத்துப் பேருக்கு ஆறு நாற்காலி. இது அப்பாவின் தொழில் ரகசியம். நூறில் பத்துப் பேர் உட்கார்ந்தால் வெறிச்சோடிய இடம். ஆறைச் சுற்றிப் பத்துப் பேர் நெருக்கினால் கூட்டம். மீதியை அடுக்கடுக்காகத் தூக்கி வண்டியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடினேன். யாரும் கை கொடுக்கவில்லை. எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அதிகாரி வந்தார். நிறைமாதத் தையல்காரம்மா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இந்தம்மாவுக்கு ஒரு நாற்காலி இல்லையா?"

பேக்கரிக்காரர் எழப்போனார். தையல்காரம்மா அவர் தோளை அமுக்கி உட்காரவைத்தாள்.

"போட்டதெல்லாம் நிறைஞ்சுடுச்சு சார். நான் நிக்கிறேன். வார்டை மூடினா நாப்பது மைல் போகணும், அதுக்கு இது பரவாயில்ல."

'உட்கார இடமின்றி மக்கள் நின்றனர்' என்று அதிகாரி எழுதியதைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். "ஆறு மாசம் தள்ளி வைக்கச் சொல்றேன்" என்றார்.

ஐந்தே நிமிஷத்தில் எல்லாரும் கலைந்தார்கள். சொல்லிக்கொள்ள எனக்கு ஆளில்லை. எங்கேயோ தொலைதூரத்தில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டேன்.

"எவ்வளவு பேர் வந்தாங்க?"

"உட்கார இடமில்ல."

"எத்தனை நாற்காலி போட்டே?"

"ஆறு."

அப்பா மாதிரியே சிரித்தாள். பிறகு, "நீ எங்கேண்ணா உட்கார்ந்தே?" என்றாள்.

காலியாகக் கிடந்த ஆறையும் பார்த்தேன். அதில் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"இப்பத்தான் உட்கார்றேன்" என்றேன்.