கொக்கு தேய்ந்த வெள்ளி

லேடி ஹாசல்டன் வீட்டு வெள்ளித் தட்டு, கரண்டி எல்லாவற்றிலும் அவர்கள் குலச்சின்னம் செதுக்கியிருக்கும்: மீனைக் கவ்விய கொக்கு. விருந்தாளி கண்ணில் முதலில் அதுதான் படவேண்டும் என்பார் சீமாட்டி. அந்த வீட்டு பட்லரான நான் முப்பத்தொரு வருஷம் தினமும் காலையில் வெள்ளி துலக்கும் சிவப்புப் பொடியைக் குழைத்து, வெறும் கட்டைவிரலால் கொக்கைத் தேய்த்தேன். எங்கள் தொழிலில் துணியை நம்பமாட்டோம். விரல் கொப்பளித்து, உடைந்து, காய்த்துப்போகும். அதன் பிறகுதான் பட்லர் என்றே மதிப்பார்கள்.

போன வாரம், ஒழுகும் கூரையைச் சரிசெய்ய வெள்ளியை விற்பதென்று முடிவானது. ஏலக் கம்பெனி ஆள் வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இது என்னங்க, வாத்தா?"

"கொக்கு," என்றார் சீமாட்டி. "மீனைக் கவ்விக்கிட்டு இருக்கும்."

"மீனையும் காணோம், மூக்கையும் காணோம். சின்னம் தேஞ்ச வெள்ளிய எடைக்குத்தான் எடுப்பாங்க."

சீமாட்டி என் பக்கம் திரும்பினார். "எங்க குலத்தையே தேய்ச்சு அழிச்சிட்டியே, பார்ஜெட்டர்."

"அழுத்தித் தேய்க்கச் சொன்னது நீங்கதாம்மா."

"சொன்னா, உனக்கு அளவு தெரிய வேண்டாமா?"

தட்டுகளைப் பெட்டியில் அடுக்கப் போனேன். ஏல ஆள் வெள்ளைக் கையுறையை நீட்டினார். "போட்டுக்கங்க. கைரேகை பட்டா வெள்ளியில கறை விழும்."

என் கட்டைவிரலை அவர் லென்ஸுக்கு அடியில் வைத்தேன். "ரேகை இருக்கான்னு பாருங்க."

பார்த்தார். கையுறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அவர் கொடுத்தா வாங்கிப் போட்டுக்க வேண்டியதுதானே," என்றார் சீமாட்டி, என் விரலைப் பார்க்காமலே.